மேனேஜரின் அரை மாத்திரை

என் சித்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். எதற்குக் கோபப்பட்டார் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. கோபப்பட்டது மட்டும் நினைவிருக்கும். அதனால் போன வருடம் நடந்ததை, யார் என்ன செய்தார்கள் என்பதோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். வேலை கிடைத்து சித்தியின் ஊருக்கு வந்ததிலிருந்து நானும் சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். இதில் என் பங்கும் இருக்கிறது.

சித்தி ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறார். முன்னால் விற்பவர்கள் சிரித்துப் பேசி ஃபிரேமைத் தலையில் கட்டுவார்கள். அந்த ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது சித்தி. தேய்க்கும் இயந்திரத்தில் ஓயாமல் தண்ணீர் தெறிக்கும். சித்தியின் ஏப்ரன் முன்பக்கம் எப்போதும் வெள்ளைச் சேறாக இருக்கும். லென்ஸ் இரண்டு டிகிரி திரும்பி உட்கார்ந்தாலும் போட்டவருக்குத் தலைவலி வரும் என்பார். போன வருடம் வரை, இருபத்தாறு வருடத்தில் அவர் பொருத்திய கண்ணாடி ஒன்றுகூட, சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

மேனேஜர் என்பது வீட்டுப் பூனை. பெண் பூனைதான், பன்னிரண்டு வயது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாமல் வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைப்பதால் சித்தி வைத்த பெயர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேனேஜர் நாற்காலியை விட்டு இறங்கியது. தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டுக் கத்தியது. அதையும் தின்றுவிட்டுக் குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தது. அவ்வளவு தின்றும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மார்பில் கை வைத்தால் இதயம் தையல் இயந்திரம் போல ஓடியது. முதலில் பார்த்த கால்நடை மருத்துவர் வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார். சித்தி விடவில்லை. இரண்டு பஸ் மாறி இன்னொரு டாக்டரிடம் கூடையோடு போனார். அந்த டாக்டர் இளம்பெண். பூனையின் கழுத்தை இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சொன்னார். மருந்தில் அடக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், விட்டால் இதயம் தாங்காது என்றார்.

சித்திக்கும் தைராய்டு உண்டு. ஆனால் அவருக்கு நேர்மாறு. அவருடைய சுரப்பி சோம்பேறி. ஒன்பது வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார். இந்தச் செய்தி உறவினர்களுக்குப் பெரிய தீனியாகிவிட்டது. பூனை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்று ஒருவர் கேட்டார். அடுத்து அதற்குச் சர்க்கரை வருமா, கண்ணாடி போடுமா என்று இன்னொருவர்.

பூனைக்கென்று தனி மருந்து அந்த ஊரில் கிடைக்காததால், மனிதர்களுக்கான மாத்திரையையே டாக்டர் எழுதிக் கொடுத்தார். காலையில் அரை, மாலையில் அரை. சித்தியின் மாத்திரை வாங்கும் அதே மருந்துக் கடையில் இதையும் வாங்கினோம். சித்தி மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவார். உடைத்த மாத்திரையின் தூள் மனிதர்கள் உடம்பில் சேரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேனேஜரைத் துண்டில் சுற்றி, தாடையைத் திறந்து, நாக்கின் பின்பக்கம் மாத்திரையைத் தள்ளி, தொண்டையை நீவி, ஊசி இல்லாத சிரிஞ்சால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். எட்டு மாதத்தில் ஒரு வேளை தவறியதில்லை. மேனேஜர் எண்ணூறு கிராம் ஏறியது. மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எங்களை முறைக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா ஓய்வு பெற்றார்.

சித்தப்பா பஸ் டிப்போவில் உதிரிபாகங்களின் ஸ்டோர் கீப்பர். முப்பத்து நான்கு வருடம். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார், வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற இரண்டாம் வாரமே வீட்டை ஸ்டோராக மாற்றிவிட்டார். அலமாரிகளுக்கு எண் வந்தது. பாதி தீர்ந்த இரண்டு சோப்புத்தூள் பாக்கெட்டுகள் ஒன்றாயின. ஒரே சரக்குக்கு இரண்டு பெட்டி திறந்திருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். சித்திக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக வீட்டு வேலையில் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்கிறார். மாத்திரை விஷயத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்கு ஓடுகிறவள், காலையில் மாத்திரையை வெட்டிக்கொண்டு நிற்காதே என்றார் சித்தப்பா. சித்தி சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா ஒரு பழைய ஓட்டுத் துண்டின் மேல் வைத்து பிளேடால் வாரம் முழுமைக்குமான மாத்திரைகளைப் பாதியாக நறுக்குவார். சித்திக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை, அதாவது மூன்று அரை. பூனைக்கு இரண்டு அரை. எல்லாம் வெள்ளை. மூடி போட்ட ஒரு டப்பாவில் போட்டு, அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தார்: தைராய்டு – அரை.

ஆம். ஒரே டப்பா.

சித்தி அதிகாலையில் கண்ணாடி போடாமல் அதிலிருந்து மூன்று எடுத்து விழுங்கினார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை மேனேஜருக்குக் கொடுத்தார். மாலையில் நான் வேலை முடிந்து முன்னதாக வந்துவிடுவேன், அதனால் மாலை அரையைக் கொடுப்பது நான். சீட்டை நாள் தவறாமல் படித்தேன். எழுத்து அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒரு டப்பா மட்டும் ஏன் இருக்கிறது, இன்னொன்று எங்கே போனது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

நான்கு மாதத்தில் மேனேஜர் ஏறிய எடையை இழந்து, மேலும் நூறு கிராம் இழந்தது. கத்தல் திரும்பி வந்தது. சித்தியோ தேய்ந்து தேய்ந்து மெதுவானார். முகம் உப்பியது. நல்ல வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் தூங்கி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தார். அவர் கையிலிருந்த பாத்திரம் வழுக்கி விழுந்தால் சித்தப்பா பெருமூச்சு விட்டுப் பெருக்கித் தள்ளுவார். ஒரு நாள் கடையில் ஒரு ஆசிரியை கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். தலை சுற்றுகிறதாம். வலது லென்ஸ் ஆறு டிகிரி திரும்பியிருந்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு சித்தி முடித்த வேலையை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்க மட்டும் ஆரம்பித்தார். சித்தி அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இனி நடந்தது ஒரே வாரத்தில் நடந்தது.

திங்கட்கிழமை பூனை டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் அளவு முதலில் இருந்ததைவிட மோசம். மருந்தை இரட்டிப்பாக்குவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் கொடுக்கிறீர்களா, இல்லை சில நாள் விட்டுப்போகிறதா? சித்தி ஒரு வேளைகூட விட்டதில்லை என்றார். அப்போது கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்தப்பா, அன்பாக, மிக அன்பாகச் சொன்னார்:

"அவளுக்கும் முடியறதில்ல டாக்டர். மறந்திருப்பா."

டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இப்படியே போனால் இன்னும் இரண்டு மாதம் தாங்குமா என்று சொல்ல முடியாது, இதயம் ஏற்கெனவே பெருத்துவிட்டது என்றார்.

புதன்கிழமை சித்தியின் டாக்டர். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சித்தியைப் பார்க்காமலே பேசினார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இப்படி எண் வராது என்றார். போடுகிறேன் என்றார் சித்தி. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் டாக்டர். சித்தப்பா இங்கேயும் இருந்தார். இனிமேல் நான் ஞாபகப்படுத்துகிறேன் டாக்டர் என்றார். டாக்டருக்கு அது பிடித்திருந்தது. கோப்பில் ஒரு வரி எழுதினார். கண் டாக்டர்களின் சீட்டுகளைத் தலைகீழாகக்கூடப் படித்துப் பழகிய சித்தி, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தே அதைப் படித்துவிட்டார். 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை.'

இரண்டு நாளில் இரண்டு டாக்டர்கள் முன்னால் சித்தி பொய் சொல்கிறவராக ஆனார். இரண்டு இடத்திலும் சாட்சி சொன்னது கணவர். நான் இதைக் கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? "வேணும்னா போன்ல அலாரம் வெச்சுக்கலாம் சித்தி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

அன்று மாலை சித்தி டப்பாவைத் திறந்து அரைகளை எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தைந்து. புதன் மாலை வரை போனது இருபது. மீதி பதினைந்து இருந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஒருவரும் ஒரு வேளையும் மறக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால், சரக்கில்தான் ஏதோ கோளாறு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மறுநாள் ஒன்றும் சொல்லாமல் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் லென்ஸின் தடிமன் பார்க்க ஒரு கேஜ் உண்டு. இரண்டு நுனிகளுக்கு நடுவில் வைத்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். சித்தி ஒவ்வொரு அரையாக அதில் வைத்தார். இரண்டு புள்ளி மூன்று. இரண்டு புள்ளி ஒன்பது. மறுபடி இரண்டு புள்ளி ஒன்பது. இரண்டு புள்ளி மூன்று. வேலை வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளில் இரண்டை எடுத்து, மெல்லியதை ஒன்றிலும் தடித்ததை ஒன்றிலும் போட்டார். இடையில் ஒரு அளவுகூட வரவில்லை. கேஜின் முன்னால் உட்கார்ந்தபடி அவர் எனக்குப் போன் செய்தார். "ரெண்டு ஜாதி இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

ஒன்பது வருடமாகப் பழகிய மெல்லியது சித்தியுடையது. தடித்தது பூனையுடையது. நான்கு மாதமாக, கைக்கு வந்ததை வந்தபடி, ஒருவர் மருந்தை மற்றவர் விழுங்கியிருக்கிறார்கள். சுரப்பியை அடக்கும் மருந்து, ஏற்கெனவே அடங்கிக் கிடந்த சித்திக்குள் போயிருக்கிறது. சுரப்பு போதாத குறையை நிரப்பும் மருந்து, வழிந்துகொண்டிருந்த பூனைக்குள் போயிருக்கிறது. கையுறை போட்டுத் தொட வேண்டியதை அவர் தினமும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்திருக்கிறார்.

சித்தி கடையிலிருந்தே பூனை டாக்டருக்குப் போன் செய்தார். மருந்தை இரட்டிப்பாக்க வேண்டாம், பழைய அளவே சரியான மாத்திரையாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். பிறகு அவர் சொன்னதைச் சித்தி எங்களிடம் இரண்டு முறை சொன்னார்: "நான் உங்கள நம்பியிருக்கணும்மா. என் தப்பு." சித்தியிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர் இந்தக் கதையில் அவர் ஒருவர்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுச் சித்தி வீட்டுக்கு வந்தார். நானும் வந்துவிட்டேன். இரண்டு தட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்தார். சித்தப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி பார்த்தார். பிறகு அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். மருந்துக் கடைக்காரன் இரண்டு உறையிலும் தைராய்டு என்றுதான் எழுதியிருந்தான். அட்டையில் பெயர் வேறு வேறாக இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் கம்பெனி மாறினால் பெயர் மாறும். டிப்போவில் பிரேக் லைனிங் மூன்று கம்பெனியிலிருந்து வரும், மூன்று பெயர், வேலை ஒன்று. பார்ட் ஒன்றாக இருந்தால் ஒரே பெட்டிதான்.

"நான் என்ன பிரேக்கா?" என்றார் சித்தி.

சித்தப்பா சங்கடமாகச் சிரித்தார். தெரிந்தா செய்தேன், நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் இரண்டு டப்பா வைத்துவிடலாம், சீட்டில் சிவப்பு மை, நீல மை என்று போட்டுவிடலாம் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீயும் ஒரு தடவ பாத்திருக்கலாமே. கண்ணு பாக்கற எடத்துல வேலை செய்யறவ."

சித்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"பாக்கலதான். முப்பது வருஷமா இந்த வீட்டுல எல்லாத்தையும் நாந்தான் பாத்தேன். நீங்க பாத்துக்கறேன்னு சொன்னது இந்த ஒண்ணு. அதனால பாக்கல. அது என் தப்புதான். ஆனா டாக்டர் கேக்கறப்போ மறந்திருப்பான்னு சொன்னீங்களே, அது யாரு தப்பு? நான் மறந்து நீங்க எப்போ பாத்தீங்க? ஒரு நாள் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்."

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கே என் டாக்டர்கிட்ட வந்து நடந்ததைச் சொல்லுங்க. அந்த வரிய அடிக்கச் சொல்லுங்க."

போனில் சொல்லிவிடுகிறேன் என்றார் சித்தப்பா. சித்தி காத்திருக்காமல் தானே போனார். டாக்டர் கேட்டுக்கொண்டார். புன்னகை செய்தார். சரி சரி, எது எப்படியோ, இனிமேல் ஒழுங்காகப் போடுங்கள் என்றார். வரியை அடிக்கவில்லை. கணவர் சொன்னதை ஒரே வாயில் நம்பி எழுதியவருக்கு, சித்தி சொன்னதை நம்பி அடிக்கக் கை வரவில்லை. நாளைக்கு நெஞ்சு வலி என்று போனாலும் எந்த டாக்டரும் முதலில் படிக்கப்போவது அந்த வரியைத்தான். நெஞ்சு வலியைக்கூட நம்பமாட்டார்கள் என்றார் சித்தி.

ஆறு வாரம் ஓடியது. சித்தி இப்போது மாத்திரைகளைத் தன் கையாலேயே நறுக்கினார், பூனையுடையதைச் சமையலறையில், தன்னுடையதைப் படுக்கையறையில். மேனேஜர் முன்னூறு கிராம் ஏறியது. ஆனால் பெருத்த இதயம் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குத் தனியாக இன்னொரு மாத்திரை சேர்ந்தது. சித்தியின் முக உப்பல் வடிந்தது. கடையில் அவர் வேலையை இன்னும் இன்னொருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா போன் செய்யவில்லை. கேட்டால், டாக்டர் பிசியாக இருப்பார் என்றார். அடுத்த வாரம் என்றார். அதற்கடுத்த வாரம் கேட்டபோது, இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாயா என்றார்.

ஒரு ஞாயிறு சித்தப்பாவின் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மேசையைச் சுற்றி எட்டுப் பேர். பேச்சு ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை பக்கம் திரும்பியது. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, கதை சொல்லும் குரலில் ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுல நாலு மாசம் பூனை மருந்த பொண்டாட்டி சாப்பிட்டா, பொண்டாட்டி மருந்த பூனை சாப்பிட்டுது. ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியல."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். அண்ணன் மனைவி சித்தியின் தோளைத் தட்டி, "நல்லவேளை, நீ எலி பிடிக்க ஆரம்பிக்கல" என்றார். இன்னொரு சிரிப்பு. ஆறு வாரமாக ஒரு டாக்டரிடம் சொல்ல நாக்கு எழாத மனிதர், எட்டுப் பேர் முன்னால் என்ன சரளமாகச் சொன்னார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

சித்தி தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "நல்லா சொல்றீங்க. இதையே டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவரும் சிரிக்கட்டும். நாளைக்குக் காலைல போறோம். வரலன்னா நான் திரும்ப அந்த வீட்டுக்கு வரமாட்டேன். பூனையையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

பார்த்தீர்களா, ஒரு விளையாட்டுக்குக்கூட இவ்வளவு கோபம் என்று அண்ணன் சொன்னார். குடும்பத்தில் இன்று வரை எல்லோருக்கும் நினைவிருப்பது இந்த இடம் மட்டும்தான். சித்தி சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டார்.

மறுநாள் சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நானும் போனேன், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு. டாக்டர் முன்னால் அவர் முதலில் வானிலை பற்றிப் பேசினார். கடைசியில், மாத்திரைகளை ஒரே டப்பாவில் போட்டது நான்தான், அவள் ஒரு நாளும் விட்டதில்லை, மறந்திருப்பாள் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று முழுதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. கோப்பை எடுத்து, அந்த வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினார்.

சித்தி எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தார். "வீட்டுல மருந்து மாறிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. யாரு மாத்தினதுன்னு எழுதல."

அது அவசியமா என்பது போல டாக்டர் சித்தப்பாவைப் பார்த்தார். இந்த அறையில் இன்னமும் அனுமதி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த முறை நான் தட்டைப் பார்க்கவில்லை, பார்க்கத் தட்டும் இல்லை. "சித்தி கேக்கறாங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எழுதுங்க டாக்டர்" என்றார் சித்தப்பா மெதுவாக.

டாக்டர் எழுதினார். சித்தி அதையும் படித்து, தேதியும் கையெழுத்தும் போடச் சொன்னார். போட்டதும் எழுந்தார். இதன் நகலைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும், கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்த ஆசிரியைக்கு ஏன் தலை சுற்றியது என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். சித்தப்பா பின்னால் வந்தார். சித்தி நடையைக் குறைக்கவில்லை.